வாங்கக் கடன், திருத்த அடகு: சல்லிக் கரையில் வயதுபோன டீசல் இயந்திரங்கள்

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே உப்புவெளியைத் தாண்டிப் போனால், சாம்பல்தீவை ஒட்டிய கடற்கரையில் சல்லி இருக்கிறது. வெளியூரவருக்கு அது கடலோரத்து முத்துமாரியம்மன் கோவில் உள்ள ஊர். ஊரவருக்கு அது கடற்றொழில் ஊர். இங்கிருந்து நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை என்று நீளும் கரையில், கடலில் ஓடுகிற இயந்திரத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதற்கு மானியம் அறிவிக்கப்படுகிறது, அதைப் பற்றி அறிக்கைகள் வருகின்றன. கரையில் நின்று இழுக்கிற இயந்திரத்தைப் பற்றி அவ்வளவாகப் பேச்சு இல்லை. படகை மணலில் ஏற்றுவது, வலை இழுப்பது, ஐஸும் மீனும் ஏற்றிய பெட்டியை மணலிலிருந்து தார் வீதிக்குக் கொண்டுவருவது, புதைந்த வாகனத்தை இழுத்து விடுவது எல்லாம் அதன் வேலை. பெரும்பாலும் அது இருபது, முப்பது வருடம் ஓடிய உழவு இயந்திரமாகவோ பழைய டீசல் லொறியாகவோ இருக்கிறது.

அந்த இயந்திரங்களுக்கு இப்போது வயது போய்விட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டபோது ஐந்து வருடம் போயிருந்தது. அந்த ஐந்து வருடமும் இருக்கிற வாகனத்தைத் திருத்தித் திருத்தி ஓட்டிய வருடங்கள். இதே காலத்தில்தான் ரூபாய் விழுந்தது, எரிபொருள் இல்லாமல் போனது, வட்டி ஏறியது. இவை எல்லாவற்றினதும் கணக்கு ஒரு இயந்திரத்தின் பிஸ்டன் வளையத்திலும் பெயாரிங்கிலும் எழுதப்பட்டிருக்கிறது. திருத்துநர் இயந்திரத்தைக் கழற்றிப் போடும் நாளில்தான் அதை வாசிக்க முடிகிறது.

முதலில், இழுவை வேலை இயந்திரத்தை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

வீதியில் ஓடுகிற லொறிக்குக் காற்று உதவி செய்கிறது. ஓட்டத்தில் ரேடியேட்டருக்குள் காற்று அடிக்கிறது. மணலில் நின்று இழுக்கிற இயந்திரத்துக்கு அந்த உதவி இல்லை. வேகம் குறைவு, சுமை அதிகம். விசிறி ஒன்றுதான் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். விசிறிப் பட்டி தளர்ந்திருந்தால் அதுவும் இல்லை. கடற்கரை உப்புக்காற்று ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளை அரித்து உதிர்க்கிறது. கரையோரக் கிணற்றுத் தண்ணீரை அப்படியே ரேடியேட்டருக்கு ஊற்றுவது வழக்கம். அந்தத் தண்ணீரில் இருக்கிற உவர் உள்ளே படிந்து நீரோட்டத்தை அடைக்கிறது. மணல் வேறு. பழைய மசி பெர்கியூசன் வகை உழவு இயந்திரங்களில் காற்றை வடிகட்டுவது அடியில் எண்ணெய் நிற்கும் ஒரு கிண்ணம். அந்த எண்ணெயை மாற்றாவிட்டால் மணற்பொடி நேரே சிலிண்டருக்குள் போகிறது. போனபின் அது பிஸ்டன் வளையத்துக்கும் லைனருக்கும் இடையில் அரத்தாள் வேலை செய்கிறது.

ஆகவே இழுவை இயந்திரத்தில் பாகங்களை மாற்றுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் மலிவானவை: காற்று வடிகட்டி, டீசல் வடிகட்டி, எண்ணெய், விசிறிப் பட்டி, றப்பர் குழாய்கள். அடுத்து ரேடியேட்டர், தண்ணீர்ப் பம்ப், நொசில். இவற்றை நேரத்துக்கு மாற்றினால் ஹெட் கஸ்கட் தப்பும். கஸ்கட் தப்பினால் ஹெட் வளையாது. ஹெட் நன்றாக இருந்து எண்ணெயும் சுத்தமாக இருந்தால் லைனரும் பெயாரிங்கும் பல வருடம் நிற்கும். கடைசியில்தான் கிராங்க் தண்டைக் கழற்றி லேத்துக்குக் கொண்டுபோகும் வேலை வர வேண்டும்.

கையில் காசில்லாத வீட்டில் இந்த ஒழுங்கு தலைகீழாகிறது. விசிறிப் பட்டி அறும்வரை ஓடுகிறது. அறுந்த அன்று இயந்திரம் கொதிக்கிறது. கொதித்ததால் கஸ்கட் போகிறது, தண்ணீர் எண்ணெய்க்குள் இறங்குகிறது. எண்ணெய் அளவுகோலை இழுத்துப் பார்த்தால் பால் தேநீர் நிறத்தில் வரும். அதற்குப் பிறகும் ஒரு வாரம் ஓடினால் பெயாரிங் போய்விடும். ஒரு விசிறிப் பட்டியின் விலையில் முடிந்திருக்க வேண்டியது முழு இயந்திரத்தையும் பிரிக்கும் வேலையாக முடிகிறது. வறுமை அதிக செலவு பிடிக்கும் விடயம் என்பதற்கு இதைவிடக் கண்முன்னான உதாரணம் எனக்குத் தெரியாது.

கிராங்க் தண்டு தேய்ந்தால் அதை லேத்தில் கடைந்து, கடைந்த அளவுக்கு ஏற்ற தடித்த பெயாரிங் போடுவார்கள். முதல்முறை அங்குலத்தின் ஆயிரத்தில் 10 பங்கு, பிறகு 20, பிறகு 30. அதன்பின் பெரும்பாலும் தண்டையே மாற்ற வேண்டும். பழைய இயந்திரம் ஒன்றை வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது எத்தனை மைல் ஓடியது என்பதல்ல, மைல் காட்டியை யாரும் திருப்பலாம். கிராங்க் இதுவரை எத்தனை முறை கடையப்பட்டிருக்கிறது என்பதுதான் கேள்வி. விற்கிறவர் சொல்லாவிட்டாலும் பெயாரிங்கின் பின்பக்கத்தில் அடித்திருக்கும் இலக்கம் சொல்லும்.

புகையும் சொல்லும். கறுப்புப் புகை என்றால் காற்று போதவில்லை, அல்லது நொசில் டீசலைத் தூவாமல் ஊற்றுகிறது. அது மலிவான வேலை. நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. வளையம், லைனர், வால்வு வழிகாட்டி ஆகியவற்றில் ஒன்று போயிருக்கிறது. இயந்திரம் சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை தண்ணீரின் புகையாக இருக்கலாம். இதைத் தெரிந்துகொண்டு கராஜுக்குப் போகிறவரிடம் தேவையில்லாத பாகத்தை மாற்றச் சொல்வது கடினம்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிகிற பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். வெப்ப நாட்டுக்கு அது தேவையில்லை என்று நம் கராஜ்களில் உறுதியாகச் சொல்வார்கள். அது தவறு. தெர்மோஸ்டாட் இல்லாத இயந்திரம் சரியான சூட்டுக்கு வர நேரம் எடுக்கிறது. அதுவரை டீசல் முழுதாக எரியாமல் எண்ணெயில் கலந்து, எண்ணெயை மெலியச் செய்கிறது. தேய்மானத்தில் பெரும்பகுதி இந்தக் குளிர்ந்த நேரத்தில்தான் நடக்கிறது.

கரைவலை விவகாரத்தோடும் இந்த இயந்திரங்களுக்குத் தொடர்பு உண்டு. கரைவலை என்பது கூட்டு உழைப்பு. வலையை அரைவட்டமாகக் கடலில் வளைத்துவிட்டு, இரு அந்தங்களிலும் கரையில் ஆட்கள் நின்று கயிற்றை இழுப்பார்கள். பிறகு ஆட்களுக்குப் பதிலாக உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் வந்தது. 1984 ஆம் ஆண்டின் கரைவலை ஒழுங்குவிதிகளும் 1996 ஆம் ஆண்டின் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டமும் இருக்கிற நிலையில், வின்சால் இழுப்பதை அனுமதிக்கலாமா என்ற சர்ச்சை 2025 இல் மறுபடி சூடானது. அமைச்சர் இராமலிங்கம் சந்திரசேகரின் கீழுள்ள கடற்றொழில் அமைச்சு அதற்கு எதிராக நின்றது. கரைவலைத் தொழிலாளர் கொழும்புக்கே போய் வின்சுக்கு அனுமதி கேட்டுப் போராடினர்.

வின்சுக்கு எதிரான வாதங்களில் நியாயம் இருக்கிறது. இயந்திர பலம் இருந்தால் பெரிய வலை போடலாம், அதிக தடவை இழுக்கலாம். அடிக்கடலையும் குஞ்சு மீனையும் அது பாதிக்கும். வலை இழுத்துக் கூலி பெற்றவரின் பங்கையும் அது விழுங்கும். ஆனால் ஆட்கள் எங்கே என்ற கேள்விக்கு அமைச்சிடம் பதில் இல்லை. 2022 இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை தேடி நாட்டை விட்டுப் போனார்கள். எங்கள் கரையோரங்களில் அதற்கு முன்பே யுத்தம் ஒரு தலைமுறை ஆண்களைக் கொண்டுபோயிருந்தது. 2004 டிசம்பர் 26 இல் கடலும் கொண்டுபோனது. எஞ்சியவர்களின் பிள்ளைகள் கட்டாருக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறார்கள். இருபது, முப்பது பேர் நின்று இழுத்த கயிற்றை இழுக்க ஆட்கள் சேராதபோது உழவு இயந்திரம் வந்தது. இயந்திரத்தை அகற்றச் சொல்வதற்கு முன் அந்த வெற்றிடத்துக்கு விடை சொல்ல வேண்டும். வலையின் நீளத்தையும் கண்ணளவையும் ஒரு நாளில் எத்தனை தடவை இழுக்கலாம் என்பதையும் கட்டுப்படுத்துவது, இழுக்கும் முறையை முற்றாகத் தடுப்பதைவிட நேர்மையான வழி என்பது என் கருத்து.

சட்ட நிச்சயமின்மை இயந்திரத்தின் உடல்நிலையையும் தொடுகிறது. நாளைக்குத் தடுக்கப்படலாம் என்ற பயம் உள்ள இயந்திரத்துக்கு யாரும் நல்ல பாகம் போட மாட்டார்கள். இந்தப் பருவத்துக்கு ஓடினால் போதும் என்று மலிவான பாகத்தைப் போடுவார்கள். வின்ச் பூட்டிய அதே உழவு இயந்திரம்தான் படகையும் இழுக்கிறது, வயலுக்கும் போகிறது என்பதால் அந்த மலிவின் விளைவு எல்லா வேலையிலும் தெரியும்.

இனி 2022. அந்த வருடத்தை நாங்கள் வரிசைகளாக நினைவில் வைத்திருக்கிறோம். இயந்திரங்கள் வேறு விதமாக நினைவில் வைத்திருக்கின்றன. அந்த வருடத் தொடக்கத்தில் ஒரு லீற்றர் டீசல் 121 ரூபாய். மார்ச்சில் 176, ஏப்ரலில் 289, மே மாதத்தில் 400, ஜூன் 26 இல் 460. மண்ணெண்ணெயோ ஓகஸ்ட் பிற்பகுதிவரை 87 ரூபாயில் நின்றது, பிறகு ஒரே இரவில் 340 ஆனது. இடைப்பட்ட அந்தச் சில வாரங்களில் டீசலின் விலை மண்ணெண்ணெயின் விலையைப் போல் ஐந்து மடங்கு. மண்ணெண்ணெயும் இலேசில் கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் கிடைத்தவர்களில் பலர் டீசலுடன் கலந்து அடித்தார்கள்.

எங்கள் ஆட்களுக்கு இது புதிதல்ல. 1990 முதல் வடக்கில் பொருளாதாரத் தடை இருந்தது. எரிபொருள், பற்றரி, சீமெந்து, உதிரிப்பாகம் எல்லாம் தடைப்பட்ட பொருட்கள். பெற்றோலில் ஓட வேண்டிய மோட்டார் சைக்கிளையும் பழைய காரையும் ஒரு துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. கிழக்கில் மூதூர் கிழக்கு, சம்பூர்ப் பக்கம் போன பொருட்களுக்கும் சோதனைச்சாவடிகளில் இதே கதிதான். 2002 போர்நிறுத்தத்துடன் தடை தளர்ந்தது, 2006 இல் வன்னிக்கு மறுபடி இறுகியது. அந்தக் காலத்தில் ஒரு பெயாரிங் போனால் புதிது வராது. போனதைச் செப்பனிட வேண்டும், அல்லது இரண்டு வாகனத்தை உடைத்து ஒன்றாக்க வேண்டும். அப்படிப் பழகிய கைகள் இன்றும் வடக்கு, கிழக்குக் கராஜ்களில் இருக்கின்றன. கியூபாவில் 1960களின் அமெரிக்கத் தடைக்குப் பிறகு பழைய அமெரிக்கக் கார்களை வேறு இயந்திரம் பூட்டி இன்றுவரை ஓட்டுகிறவர்களுக்கு உலகம் முழுவதும் பெயர் உண்டு. எங்கள் திருத்துநர்களைப் பற்றி ஒரு ஒழுங்கான ஆவணம்கூட இல்லை.

ஆனால் தடைக்காலத்து உத்தியை எல்லா இடத்திலும் பெருமையாக எடுத்துக்கொள்ள முடியாது. பழைய உழவு இயந்திரங்கள் பலவற்றில் இருக்கிற சுழல் வகை டீசல் பம்புக்குத் தனியாக எண்ணெய் கிடையாது. அதற்குள் ஓடும் டீசல்தான் அதற்கு மசகு. மண்ணெண்ணெய்க்கு அந்த வழவழப்பு இல்லை. மில்லிமீற்றரின் ஆயிரத்தில் சில பங்கு இடைவெளியில் சுழல்கிற பாகங்கள் உலர்ந்து உரசுகின்றன. அன்று எதுவும் தெரியாது. ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்து, சூடேறியதும் இயந்திரம் நின்றுபோய் மறுபடி பிடிக்க மறுக்கும். 2022 இல் மிச்சம் பிடித்த காசு 2024 இல் பம்ப் திருத்தும் கடைக்குப் போயிருக்கும். இழுவைச் சுமை இருந்தால் இன்னும் விரைவாக.

இதில் இன்னொரு கசப்பு இருக்கிறது. டீசலுக்குப் போத்தலுடன் ஆட்கள் நின்ற இதே மாவட்டத்தில், சீனன்குடாப் பக்கத்தில் பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. நெருக்கடி முற்றுவதற்குச் சில வாரங்களுக்கு முன், 2022 ஜனவரியில், அவற்றைப் பங்கிடும் ஒப்பந்தம் கைச்சாத்தானது: 14 லங்கா ஐஓசிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கொம்பனிக்கு. 2025 ஏப்ரலில் இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம், இலங்கை மூன்றும் திருகோணமலையை வலுசக்தி மையமாக்க உடன்பட்டன. துறைமுகத்தைப் பற்றி வல்லரசுகள் பேசுவதை நாங்கள் நூறு வருடமாகக் கேட்கிறோம். சில கிலோமீற்றர் தூரத்துக் கரையில் இழுக்கிற இயந்திரத்துக்கு அதனால் ஒரு லீற்றர் கூடுதலாகக் கிடைத்ததில்லை.

ரூபாய்க்கு வருவோம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. பிறகு இறங்கி 300 அளவில் நின்றது. இறங்கியது என்று சொன்னாலும், 100 டொலர் பெறுமதியான ஒரு பாகத் தொகுதி 20,000 ரூபாயிலிருந்து 30,000 ஆகிவிட்டது என்பதே அர்த்தம். அதற்கு மேல் சுங்க வரி, 2024 ஜனவரி முதல் 15 இலிருந்து 18 வீதமான பெறுமதி சேர் வரி, கொழும்பு மொத்த வியாபாரியின் இலாபம், திருகோணமலைக் கடைக்காரரின் இலாபம். கடையில் மூன்று விலை சொல்வார்கள்: ஒரிஜினல், இந்தியன், சைனா. பஞ்சிகாவத்தையில் பாவித்ததை எடுத்தால் நாலாவது விலை. எது எங்கே எதற்குப் போதும் என்பதுதான் இங்கே அறிவு. என்னைக் கேட்டால் விசிறிப் பட்டியிலும் குழாயிலும் மலிவைப் பார்க்கலாம். பெயாரிங்கிலும் பிஸ்டன் வளையத்திலும் நொசிலிலும் பார்க்கக்கூடாது. இந்தியன் என்று சொன்னால் தரக்குறைவு என்று எடுத்துக்கொள்ளவும் தேவையில்லை. மசி பெர்கியூசன் வகை இயந்திரங்களைச் சென்னையில் டாஃபேயும் சிம்சனும் பல தசாப்தங்களாகச் செய்துவருகின்றன. அந்தப் பாகங்கள் எங்கள் இயந்திரங்களுக்கு உறவுக்காரர்கள்தான். பெட்டியில் அச்சிட்ட பெயர் உண்மையா என்பதுதான் பிரச்சினை.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி, காசு எங்கிருந்து வருகிறது என்பது. யுத்தம் முடிந்த கையோடு வடக்கிலும் கிழக்கிலும் லீசிங் கொம்பனிகள் வரிசையாகத் திறந்தன. புதிய உழவு இயந்திரம், வான், முச்சக்கரவண்டி எதற்கும் ஒரு கையெழுத்தில் கடன். கட்ட முடியாதவர்களின் வாகனத்தை வந்து எடுத்துக்கொண்டு போன கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. நுண்கடன் பெண்களைப் பிடித்தது. 2018 இல் அரசாங்கம் திருகோணமலை உட்பட 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய்க்குட்பட்ட பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது அதனால்தான். உதவி நிறுவனங்களும் இதே பாதையில்தான் நடந்தன. சுனாமிக்குப் பிறகு படகும் வெளியிணைப்பு இயந்திரமும் கொடுத்தார்கள். யுத்தத்துக்குப் பிறகு இந்தியா வட மாகாண விவசாயிகளுக்கு 500 உழவு இயந்திரங்கள் கொடுத்தது. கொடுக்கும் நாளில் படம் எடுக்கலாம், நாடா வெட்டலாம். பத்து வருடம் கழித்து அதே இயந்திரத்துக்கு லைனர் மாற்றும் நாளில் படம் எடுக்க யாரும் வருவதில்லை.

புதியது வாங்கக் கடன் இருக்கிறது. பழையதைத் திருத்தக் கடன் இல்லை. லீசிங் கொம்பனிக்கு வாகனப் புத்தகம் வேண்டும், ஆண்டு வேண்டும், மறுவிற்பனைப் பெறுமதி வேண்டும். முப்பது வருடத்து இயந்திரத்துக்குள் போடுகிற பிஸ்டனை அது பிணையாக ஏற்காது. வன்னியிலிருந்து வந்த வாகனங்கள் என்றால் புத்தகமே இல்லாமல் போயிருக்கலாம். 2009 இல் முள்ளிவாய்க்கால்வரை மக்களையும் சாமான்களையும் இழுத்துச் சென்ற உழவு இயந்திரங்கள் அங்கேயே நின்றுபோயின. பின்னர் துருப்பிடித்த குவியல்களாகத்தான் பலரும் அவற்றைப் பார்த்தார்கள். ஆகவே திருத்துவதற்கான காசு பெரும்பாலும் அடகுக் கடையிலிருந்து வருகிறது. அதாவது வீட்டுப் பெண்களின் காதிலும் கழுத்திலும் இருந்து வருகிறது. கணக்குப் புத்தகத்தில் இயந்திரம் கணவனின் பெயரில் இருக்கும். அதைத் திருத்திய மூலதனம் மனைவியுடையது. இதை எந்த அபிவிருத்தி அறிக்கையிலும் நான் வாசித்ததில்லை.

2024 ஒக்டோபரில் அரசாங்கம் மீனவருக்கு அறிவித்த எரிபொருள் மானியமும், லீற்றருக்கு 25 ரூபாய் என்ற அளவில், படகுகளைத்தான் கணக்கில் எடுத்தது. நல்ல விடயம், குறை சொல்லவில்லை. ஆனால் படகைக் கடலுக்கு இறக்கி மறுபடி ஏற்றுகிற டீசல் அந்தக் கணக்குக்குள் வரவில்லை.

2025 இல் இறக்குமதி திறந்தபின் பழையதைத் தள்ளிவிட்டுப் புதியது வாங்கலாமே என்று கேட்கலாம். திறந்த கதவால் முதலில் வந்தவை கார்கள். அவற்றின் வரி சுங்கத் திணைக்களத்தின் வருமானத்தை உயர்த்தியது. வரியோடு சேர்ந்த விலைக்கு ஒரு புதிய லொறி சல்லி போன்ற ஊரில் யாருக்கும் எட்டாது. எட்டினாலும் வேறொரு சிக்கல் இருக்கிறது. இன்றைய டீசல் இயந்திரத்தில் நொசில் திறப்பதையும் மூடுவதையும் கணினி தீர்மானிக்கிறது. உப்புக்காற்றில் ஒரு சென்சர் போனால் கணினியைப் பூட்டிப் பார்க்காமல் எதுவும் செய்ய முடியாது. அந்தக் கருவி கொம்பனியிடம் இருக்கும். அமெரிக்காவிலேயே விவசாயிகள் தங்கள் சொந்த உழவு இயந்திரத்தைத் திருத்தும் உரிமைக்காகச் சண்டை பிடிக்கிறார்கள். திருத்தும் மென்பொருளைத் தன் முகவர்களிடம் மட்டும் வைத்திருப்பதாகக் குற்றஞ்சாட்டி 2025 ஜனவரியில் அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணைக்குழு ஜோன் டியர் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தது. பழைய இயந்திரத்தை வைத்திருப்பது வெறும் வறுமை மட்டுமல்ல. சாவிச் செற் ஒன்றோடு மணலில் வைத்தே பிரிக்கக்கூடிய இயந்திரம் அது. அதன் உரிமையாளர் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கத் தேவையில்லை.

புகைக்காகப் பழைய டீசல் வாகனங்களை ஒதுக்க வேண்டும் என்ற வாதத்தைத் தள்ளிவிட முடியாது. டில்லியில் பத்து வருடத்துக்கு மேற்பட்ட டீசல் வாகனங்களை நிறுத்தச் சொன்னதற்குக் காரணம் அந்த நகரத்தின் காற்று. ஆனால் நல்ல வளையமும் நல்ல நொசிலும் போட்ட பழைய இயந்திரம், பராமரிப்பில்லாத அதே இயந்திரத்தைவிட மிகக் குறைவாகப் புகைக்கும். ஒதுக்க முடியாத வாகனத்தைத் திருத்த உதவுவதும் சூழல் நடவடிக்கைதான்.

செய்யக்கூடியவை பெரிய விடயங்கள் அல்ல. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்கனவே இருக்கின்றன. வடிகட்டி, பட்டி, கஸ்கட் தொகுதி, நொசில் முனை என்று வேகமாகத் தேயும் பாகங்களை ஒரு கரையின் சங்கங்கள் சேர்ந்து மொத்தமாக வாங்கி வைத்தால், கொழும்புக் கடைக்குக் காத்திருக்கும் நாட்களும் இடைத்தரகும் குறையும். நொசிலைச் சோதிக்கும் கைப்பம்ப் ஒன்று பெரிய செலவல்ல, ஒரு சங்கத்துக்கு ஒன்று போதும். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் மோட்டார் வாகனத் துறை கற்பிக்கிறார்கள். திருகோணமலையில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. தடைக்காலத்தில் கற்ற மூத்த திருத்துநர்களுக்கு அறுபது, எழுபது வயதாகிறது. அவர்களின் கையறிவுக்குச் சான்றிதழ் கொடுத்து, வகுப்பில் நிற்க வைத்துச் சம்பளமும் கொடுக்க யாராவது முன்வர வேண்டும். இல்லாவிட்டால் இன்னும் பத்து வருடத்தில் கிராங்க் அளவெடுக்கத் தெரிந்தவரைத் தேடி வேறு மாவட்டத்துக்குப் போக வேண்டி வரும்.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் இதை இன்னும் அவசரமாக்கியது. மாவிலாறு அணைக்கட்டு உடைந்து மூதூர், வெருகல் பக்கம் வெள்ளம் பாய்ந்தபோது, சிறிய வாகனங்கள் போக முடியாத தண்ணீருக்குள் போகக்கூடியது உழவு இயந்திரம்தான். அப்படிப் போனவை பிறகு கராஜுக்கு வருகின்றன. தண்ணீருக்குள் மூழ்கி நின்ற இயந்திரத்தைச் செய்யக்கூடாத ஒன்று, ஓடுகிறதா என்று பார்க்கச் சாவி போடுவது. சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் அது அமுங்காது, பிஸ்டனைப் பிடித்திருக்கும் தண்டுதான் வளையும். நொசிலைக் கழற்றி, இயந்திரத்தைக் கையால் சுழற்றித் தண்ணீரை வெளியேற்றி, எண்ணெயும் வடிகட்டியும் டீசலும் மாற்றிய பிறகே கிளப்ப வேண்டும். நட்டஈட்டுப் படிவங்களில் வீடும் வயலும் படகும் இருக்கின்றன. வெள்ளத்தில் ஆட்களை இழுத்ததால் பழுதான இயந்திரத்துக்கும் ஒரு நிரல் சேர்க்கப்பட வேண்டும்.

கடன் விடயத்தில் நேரம்தான் முக்கியம். கிழக்குக் கரையில் வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில், ஏறத்தாழ கார்த்திகை முதல் தை வரை, கடல் குழம்பிக் கிடக்கும். இழுவை இயந்திரத்துக்கு வேலை குறைவு. பிரித்துத் திருத்த அதுவே உகந்த நேரம். அதே மாதங்களில்தான் வீட்டில் வருமானமும் இல்லை. வருமானம் வரத் தொடங்கும் பங்குனி, சித்திரையில் இயந்திரம் ஒரு நாளும் நிற்க முடியாது. அதனால் திருத்தம் எப்போதும் நடுப்பருவத்தில், உடைந்த பிறகு, அடகு வட்டியோடு நடக்கிறது. அரச வங்கிகளும் கூட்டுறவுக் கிராமிய வங்கிகளும் பயிர்க்கடனைப் போகத்துக்கு ஏற்பக் கொடுக்கப் பழகியவை. கடற்கரைக்கு அதேபோல் கார்த்திகையில் கொடுத்துச் சித்திரையிலிருந்து ஆவணிவரை அறவிடும் ஒரு சிறிய திருத்தக் கடனை, வாகனப் புத்தகத்துக்குப் பதிலாகச் சங்கத்தின் பிணையில் கொடுக்க முடியும். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் எங்கள் பிரதிநிதிகள் எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றிப் பேசிய பிறகு, நேரம் மிஞ்சினால், இதையும் நிகழ்ச்சி நிரலில் போடலாம்.